அப்பாவின் பணம், மகனின் கையெழுத்து

வங்கியில் அப்பா பெயரில் இருபது லட்சம் ரூபாய் வைப்பு நிதியாகக் கிடக்கும். ஐசியூ பில்லைக் கட்ட மகன் மனைவியின் நகையை அடகு வைத்துக்கொண்டிருப்பான். வங்கி மேலாளராக இருந்த காலத்தில், இந்த நிலைமையில் என் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்தவர்கள் பலர். எல்லாரும் சொன்னது ஏறக்குறைய ஒன்றுதான்: "அவருக்கு நான்தான் சார் மகன். அவர் பணத்தை அவருக்கே செலவு பண்ணத்தானே கேக்கிறேன். இதுல என்ன சார் தப்பு?"

தப்பே இல்லை. ஆனாலும் கொடுக்க முடியாது. ஏன் முடியாது, பிறகு எப்படித்தான் முடியும், நீதிமன்றம் அந்தப் பொறுப்பைக் கையில் கொடுத்த பிறகு எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதையெல்லாம் நிதானமாகச் சொல்கிறேன். டீயை எடுத்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் நீளமான விஷயம்.

அப்பா உயிரோடு இருக்கிறவரை, அவராகச் சம்பாதித்த பணத்தின் மீது பிள்ளைக்குச் சட்டப்படி எந்த அதிகாரமும் கிடையாது. வாரிசுரிமை அவர் காலத்துக்குப் பிறகுதான் தொடங்குகிறது. பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைக்குப் பெற்றோர் இயற்கைக் காப்பாளர்கள். பெற்றோருக்குப் பிள்ளைகள் அப்படி ஆவதற்கு நம் சட்டத்தில் வழி இல்லை. 1890-இல் வந்த கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் சட்டமும் சரி, 1956-இல் வந்த இந்து இளவர் காப்பாளர் சட்டமும் சரி, இரண்டுமே மைனர்களைப் பற்றித்தான் பேசுகின்றன. எழுபது வயதில் படுக்கையில் விழுந்த மனிதர் மேஜர்தான். அவர் கணக்கை அவர்தான் இயக்க வேண்டும் என்று வங்கி சொல்வது பிடிவாதம் போலத் தோன்றும். ஆனால் அந்தப் பிடிவாதம்தான் எத்தனையோ முதியவர்களின் பணத்தை அவர்களுடைய பிள்ளைகளிடமிருந்தே காப்பாற்றியிருக்கிறது என்பதையும் நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அப்படி வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்கிற கேள்வி இது: "அப்பாவுக்கு நினைவு இருக்கா? நாம சொல்றது புரியுதா?" இதற்கு வரும் பதிலில்தான் வழி பிரிகிறது.

பக்கவாதத்தில் வலது கை விழுந்துவிட்டது, பேச்சு குழறுகிறது, ஆனால் பேத்திக்குப் பரீட்சை எப்போது என்று விசாரிக்கிறார் என்றால் நீதிமன்றம் பக்கமே போக வேண்டாம். முடியாதவர்களின் கணக்கை எப்படி இயக்குவது என்று ரிசர்வ் வங்கி எல்லா வங்கிகளுக்கும் தெளிவாக எழுதி வைத்திருக்கிறது. கையெழுத்துப் போட முடியாதவர் கைவிரல் ரேகை வைக்கலாம். கை முடியாவிட்டால் கால் கட்டைவிரல் ரேகை வைக்கலாம். அதை வங்கிக்குத் தெரிந்த இரண்டு சாட்சிகள் அடையாளம் காட்ட வேண்டும், அதில் ஒருவர் பொறுப்பான வங்கி அலுவலராக இருக்க வேண்டும். ரேகையும் வைக்க முடியாதவர் ஏதாவது ஒரு குறி இட்டாலும் போதும், அதற்கும் அதே இரண்டு சாட்சிகள். பணத்தை யார் வாங்கிக்கொள்ளலாம் என்பதையும் அவரே காட்டலாம். கிளையில் போய்க் கேளுங்கள். "எங்களுக்குத் தெரியாது" என்று சொன்னால் எழுத்தில் கேளுங்கள். பத்திரப் பதிவுக்கும் இதே போல வழி உண்டு. நடமாட முடியாதவர் வீட்டுக்கே சார்பதிவாளர் வந்து பதிவு செய்ய 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் இடம் கொடுக்கிறது.

நினைவு இல்லாதவருக்கு இந்த வழி எதுவும் பொருந்தாது. இதைச் சொல்லும்போது ஒரு சீட்டு ஞாபகம் வருகிறது. பணம் எடுக்கும் சீட்டு, நடுத்தர வயதுக்காரர் ஒருவர் நீட்டினார். அதில் ஊதா மையில் ஒரு கட்டைவிரல் ரேகை, மிக அழுத்தமாக. அதற்குப் பக்கத்திலேயே, அந்த விரலைப் பிடித்து அமுக்கியவரின் விரல் நுனியும் லேசாகப் பதிந்திருந்தது. "அப்பா எங்கே இருக்கார்?" என்று கேட்டேன். "வென்டிலேட்டர்ல சார்" என்றார், தலையைக் குனிந்துகொண்டு. அவர் திருடர் இல்லை. இரண்டு இரவு தூங்காத முகம், கையில் மருந்துக்கடைப் பை. சீட்டைத் திருப்பிக் கொடுத்து, என் எதிரிலேயே கிழிக்கச் சொன்னேன். மயக்கத்தில் கிடப்பவரின் விரலைப் பிடித்து வைக்கிற ரேகை பொய் ஆவணம். அன்றைக்கு அது ஆஸ்பத்திரிச் செலவுக்கு என்று எல்லாருக்கும் தெரியும். ஐந்து வருடம் கழித்துப் பாகப்பிரிவினையில் சண்டை வரும்போது அந்த ஒரு சீட்டை வைத்தே தம்பி அண்ணன் மேல் புகார் கொடுப்பான்.

இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பவர்கள் மறதி நோய்க்காரர்கள். இதுதான் எல்லாவற்றிலும் சிக்கலான நிலை. காலையில் தெளிவாகப் பேசுவார், மாலையில் மகளையே யார் என்று கேட்பார். இந்த நிலையில் இருக்கும் அம்மாவையோ அப்பாவையோ சார்பதிவாளர் அலுவலகத்துக்குக் கூட்டிப்போய் வீட்டைச் செட்டில்மென்ட் எழுதி வாங்கிவிடலாம் என்று யோசனை சொல்ல ஊரில் நாலு பேர் இருப்பார்கள். கேட்காதீர்கள். புரிந்துகொள்ளும் நிலையில் இல்லாதவர் போட்ட கையெழுத்து செல்லாது. பிறகு நீதிமன்றத்தில் முதலில் கேட்கப்படுவது அந்தத் தேதிக்கு முன்னும் பின்னும் எழுதப்பட்ட மருத்துவக் குறிப்புகளைத்தான். அதே சமயம், நோயின் தொடக்கத்திலேயே இருப்பவருக்கு முடிவெடுக்கும் திறன் இன்னும் இருக்கலாம். அதை நரம்பியல் மருத்துவரோ மனநல மருத்துவரோ பார்த்து எழுத்தில் கொடுத்தால், அந்த நாட்களைப் பயன்படுத்தி அவர் விருப்பப்படியே பல ஏற்பாடுகளைச் செய்துவிடலாம்.

என்னென்ன ஏற்பாடுகள் கைகொடுக்கும், எவை கொடுக்காது என்பதில் நம் வீடுகளில் நிறையக் குழப்பம் இருக்கிறது. நாமினி போட்டிருக்கிறோமே என்பார்கள். நாமினிக்கு வேலை வருவது கணக்கு வைத்திருப்பவர் இறந்த பிறகு. உயிலும் அப்படியே. பவர் பத்திரம் இருக்கிறதே என்பார்கள். இங்கேதான் படித்தவர்களும் ஏமாந்துபோகிறார்கள். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆம் பிரிவின்படி, பவர் கொடுத்தவர் சித்தம் தெளிவில்லாமல் போனால் அந்த அதிகாரமும் முடிந்துவிடுகிறது. எந்த நாளுக்காக அதை எழுதி வைத்தார்களோ, அந்த நாளில்தான் அது செல்லாமல் போகிறது. அமெரிக்காவில், எழுதியவரின் நினைவு போன பிறகும் நிலைத்து நிற்கும் பவர் பத்திரம் உண்டு. அதை எழுதாமல் விட்டவர்களுக்குத்தான் கலிபோர்னியா போன்ற மாநிலங்களில் நீதிமன்றம் கன்சர்வேட்டர் என்று ஒருவரை நியமிக்கிறது. இங்கிலாந்திலும் 2005-ஆம் ஆண்டுச் சட்டம் அப்படி நிலைத்து நிற்கும் பவருக்கு வழி செய்திருக்கிறது. நம்மிடம் அது இல்லை. பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்துகொண்டு, அங்கே நடப்பது போல இங்கேயும் நடக்கும் என்று நம்பி உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போது எனக்கு வயிற்றைப் பிசையும்.

உண்மையிலேயே உதவுவது கூட்டுக் கணக்கு. அதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 'இருவரில் ஒருவர் அல்லது உயிரோடிருப்பவர்' என்று போட்டிருந்தால், இருவரும் உயிரோடு இருக்கும்போதே யார் வேண்டுமானாலும் பணம் எடுக்கலாம். 'முதலாமவர் அல்லது உயிரோடிருப்பவர்' என்று போட்டிருந்தால், முதல் பெயர்க்காரர் இருக்கும்வரை இரண்டாமவர் தொட முடியாது. பாஸ்புக்கின் முதல் பக்கத்தில் இருக்கிற இந்த ஒரு வரியை வீட்டில் யாரும் படித்திருக்க மாட்டார்கள். வைப்பு நிதிக்கு இன்னொரு முடிச்சு உண்டு. 'இருவரில் ஒருவர்' என்றே இருந்தாலும், முதிர்வு நாளில் ஒருவர் கையெழுத்துப் போதும், முதிர்வுக்கு முன்னால் உடைக்க வேண்டுமென்றால் இருவர் கையெழுத்தையும் வங்கி கேட்கும். முன்கூட்டி எடுக்கவும் ஒருவர் கையெழுத்துப் போதும் என்று வைப்புப் போடும்போதே தனியாக எழுதிக் கொடுக்கலாம். இன்றைக்கே செய்யக்கூடிய காரியம் இது. அப்பாவையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஒரு தடவை கிளைக்குப் போய்வந்தால் முடிந்தது.

நம் சட்டத்தில் இருக்கும் இடைவெளியை நினைத்தால் எனக்கு ஆதங்கம்தான். உச்ச நீதிமன்றம் 2018-இல் ஒரு தீர்ப்புக் கொடுத்தது. மீள முடியாத நிலைக்குப் போய்விட்டால் எனக்கு உயிர்காக்கும் கருவி வைக்க வேண்டாம் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதி வைக்கலாம். 2023-இல் அந்த நடைமுறையை இன்னும் எளிதாக்கி, நோட்டரி அல்லது கெசட்டெட் அதிகாரி சான்று இருந்தால் போதும் என்று சொன்னது. ஆக, என் மூச்சை நிறுத்துவதைப் பற்றி நான் எழுதி வைக்கலாம். என் பாஸ்புக்கை யார் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று எழுதி வைத்தால் அதற்குச் செல்லுபடி இல்லை. 1987-ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தில் சொத்துக்கு மேலாளர் நியமிக்க ஓர் அத்தியாயமே இருந்தது. அதற்குப் பதிலாக வந்த 2017-ஆம் ஆண்டுச் சட்டம் சிகிச்சையைப் பற்றி விரிவாகப் பேசுகிறது, சொத்தைப் பற்றிப் பேசவில்லை. 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கானது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவில் வரையறுக்கப்பட்ட காப்பாளர் என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. மாவட்ட நீதிமன்றமோ அரசு அறிவிக்கும் அதிகாரியோ நியமிக்கலாம், காப்பாளர் அந்த நபரோடு கலந்து பேசி முடிவெடுக்க வேண்டும். கலந்து பேசவே முடியாத கோமா நிலைக்கு இது சரியாகப் பொருந்துவதில்லை.

அதனால்தான் கோமாவில் இருப்பவரின் குடும்பம் உயர் நீதிமன்றத்துக்குப் போகிறது. அரசமைப்பின் 226-ஆம் பிரிவின்கீழ் ரிட் மனு. தன்னைத் தானே காத்துக்கொள்ள முடியாத குடிமகனுக்குப் பெற்றோர் இடத்தில் நின்று பார்க்கும் அதிகாரத்தை நீதிமன்றம் அங்கே எடுத்துக்கொள்கிறது. 2019 பிப்ரவரியில் கேரள உயர் நீதிமன்றம் இதற்கென்றே ஒரு வழிமுறையை வகுத்துக் கொடுத்தது. பிற உயர் நீதிமன்றங்களும் அதை எடுத்துப் பயன்படுத்துகின்றன. சென்னையில் 2024-இல் வந்த ஒரு வழக்கு இதை நன்றாகக் காட்டும். கணவர் கோமாவில், சேமிப்பெல்லாம் சிகிச்சையில் கரைந்துவிட்டது. அவர் பெயரில் உள்ள சொத்தை விற்க அனுமதி கேட்டு மனைவி வந்தார். தனி நீதிபதி சிவில் நீதிமன்றத்துக்குப் போகச் சொன்னார். மேல்முறையீட்டில் இரு நீதிபதிகள் அமர்வு, இப்படிப்பட்ட குடும்பத்தை அங்கே அலையவிடுவது சரியல்ல என்று சொல்லி மனைவியையே காப்பாளராக நியமித்து, விற்கவும் அனுமதித்தது. ஆனால் ஒரு நிபந்தனை வைத்தது. விற்ற பணத்தில் 50 லட்சம் ரூபாயைக் கணவர் பெயரிலேயே வைப்பு நிதியாகப் போட வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் வட்டியை மனைவி எடுத்துக்கொள்ளலாம். அந்த நிபந்தனையை இரண்டு முறை படித்துப் பாருங்கள். விற்றது மனைவி, பணம் கணவருடையது. காப்பாளர் பொறுப்பு முழுவதும் அந்த ஏற்பாட்டுக்குள் அடங்கியிருக்கிறது.

மனு எப்படி இருக்கும் என்றால், முதலில் அவருடைய சொத்து முழுவதும், அசையும் சொத்து, அசையாச் சொத்து எல்லாம், ஒன்று விடாமல் சொல்லியாக வேண்டும். மருத்துவக் குழு ஒன்று, நரம்பியல் மருத்துவர் உட்பட, அவரைப் பரிசோதித்து நிலைமையை உறுதி செய்யும். தாசில்தார் நிலைக்குக் குறையாத வருவாய் அதிகாரி நேரில் வந்து பார்த்துக் குடும்பத்தின் நிலைமையை அறிக்கையாகக் கொடுப்பார். மனைவி, பிள்ளைகள் போன்ற நெருங்கிய உறவுகள்தான் காப்பாளராகக் கேட்கலாம். மற்ற வாரிசுகள் எல்லாரும் வழக்கில் தெரியவர வேண்டும். ஆட்சேபணை இல்லையென்றால் பிரமாணப் பத்திரம் கொடுப்பார்கள், வெளிநாட்டில் இருப்பவர் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்று அனுப்பலாம். தென்மாவட்டக்காரர்கள் சென்னைக்கு வர வேண்டியதில்லை, 2004 முதல் மதுரைக் கிளை இருக்கிறது. அம்மாவே மனுதாரராக இருந்தால் இன்னொரு வசதியும் உண்டு. 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி கேட்கும் உரிமை இருக்கிறது. நகையை விற்று வக்கீலுக்குக் கொடுப்பதற்கு முன் இதைக் கேட்டுப் பாருங்கள்.

வக்கீலிடம் விவரம் கொடுக்கும் நாளில் ஒரு வேலையை நீங்களே உட்கார்ந்து செய்யுங்கள். நீதிமன்றம் "எல்லாக் கணக்கும்" என்று பொதுவாக உத்தரவு போடாது. எந்த வங்கி, எந்தக் கிளை, எந்தக் கணக்கு எண், எந்தப் பத்திர எண் என்று குறிப்பிட்டுத்தான் அனுமதி வரும். மனுவில் விட்டுப்போன அஞ்சலகச் சேமிப்பு உத்தரவிலும் விட்டுப்போகும், அதற்காக மறுபடியும் படியேற வேண்டியிருக்கும். கடைசி இரண்டு வருட வங்கி ஸ்டேட்மென்டை வரிவரியாகப் பாருங்கள். எல்ஐசி பிரீமியம் எங்கே போகிறது, எந்த மியூச்சுவல் ஃபண்டுக்கு மாதாமாதம் பிடிக்கிறார்கள், லாக்கர் வாடகை எந்தக் கிளையில், சீட்டுக் கம்பெனிக்கு ஏதாவது கட்டினாரா என்று எல்லாம் அதில் தெரியும். அப்பாவின் பழைய டைரி, பீரோவில் ரப்பர் பேண்ட் போட்ட கவர்கள், வீட்டுவரி ரசீதுக்குள் மடித்து வைத்த கடன் பத்திரம், இவையெல்லாம் அந்த நாட்களில் பொக்கிஷம். அதோடு, மாதம் என்னென்ன செலவுக்கு எடுக்க வேண்டும் என்பதையும் அந்த மனுவிலேயே கேளுங்கள். அப்பாவின் மருத்துவம் மட்டுமல்ல, அவரை நம்பியிருக்கும் அம்மாவின் சாப்பாடு, வீட்டுக் கடன் தவணை, கல்யாணமாகாத தங்கையின் படிப்பு, அவர் வழக்கமாக அனுப்பி வந்த பாட்டியின் மாதப் பணம் என்று எல்லாவற்றையும் கேளுங்கள்.

உத்தரவு வந்துவிட்டது. சான்றிட்ட நகலை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போகிறீர்கள். அது அவர்களின் சட்டப் பிரிவுக்குப் போய்த் திரும்ப வாரங்கள் ஆகலாம், மனம் தளராதீர்கள். இனிமேல்தான் உங்கள் வேலை தொடங்குகிறது.

கோயில் தர்மகர்த்தாவை நினைத்துக்கொள்ளுங்கள். நம் நீதிமன்றங்கள் கோயில் மூர்த்தியை என்றைக்கும் மைனராகத்தான் கருதுகின்றன. நிலம் சாமியுடையது, நெல் சாமியுடையது, கையெழுத்து மட்டும் தர்மகர்த்தாவுடையது. நீங்களும் அப்பாவின் பணத்துக்கு அப்படித்தான். பக்தியும் பாசமும் எவ்வளவு இருந்தாலும் கணக்குக் காட்டியாக வேண்டும்.

முதல் காரியம், பணத்தைக் கலக்காதீர்கள். அப்பாவின் ஓய்வூதியம் உங்கள் சம்பளக் கணக்குக்கு ஒரு நாள்கூட வரக் கூடாது. அவருடைய செலவு அவர் கணக்கிலிருந்து நேராகப் போகட்டும். அவசரத்துக்கு உங்கள் கையிலிருந்து போட்டீர்களா, ரசீதை வைத்து, அந்தத் தொகையை மட்டும், அதே தொகையை, பிறகு எடுத்துக்கொள்ளுங்கள். முழு எண்ணாக ஆக்காதீர்கள். 4,870 ரூபாய்க்கு 5,000 எடுப்பதில்தான் எல்லாப் புகாரும் முளைக்கிறது. நீதிமன்ற உத்தரவுக்கு முன்னால் நீங்கள் செலவழித்த பணத்தைத் திரும்ப எடுக்க நினைத்தால் அதையும் மனுவிலேயே கேட்டு வாங்குங்கள், பிற்பாடு நீங்களாக எடுத்துக்கொள்ள முடியாது.

இரண்டாவது, ஒரு நோட்டு. கம்ப்யூட்டர் இருந்தாலும் நோட்டு வையுங்கள். ஒரு பக்கம் எப்படி இருக்க வேண்டும் என்று மாதிரிக்குச் சொல்கிறேன். மூன்றாம் தேதி, ஹோம் நர்ஸ் சம்பளம் 18,000, வங்கி வழியாக, ரசீது எண் 41. ஐந்தாம் தேதி, மூக்குக் குழாய் மாற்ற நர்ஸ் வந்தது 700, ரொக்கம், கையெழுத்து வாங்கியது, ரசீது 42. ஒன்பதாம் தேதி, டயப்பர், பால் பவுடர், ஊசி மருந்து, மருந்துக்கடை பில் 43. பன்னிரண்டாம் தேதி, பிசியோதெரபி நான்கு வருகை, பில் 44. கடைசி வரியில் மாத ஆரம்ப இருப்பு, வரவு, செலவு, முடிவு இருப்பு. ரசீதின் மேல் பேனாவால் அதே எண். அவ்வளவுதான். ஹோம் நர்ஸ் ரசீது தரமாட்டார் என்றால் ஒரு வவுச்சர் புத்தகத்தில் கையெழுத்து வாங்குங்கள். மருந்துக்கடை ரசீதுகளின் எழுத்து சில மாதங்களில் மங்கிவிடும், வாங்கிய அன்றே நகல் எடுத்துவிடுங்கள். கேரள வழிமுறைப்படி ஆறு மாதத்துக்கு ஒருமுறை, என்ன எடுத்தோம், எதற்குச் செலவழித்தோம் என்று நீதிமன்றப் பதிவாளரிடம் அறிக்கை கொடுக்க வேண்டும். உங்கள் உத்தரவில் எவ்வளவு காலத்துக்கு ஒருமுறை என்று போட்டிருக்கிறதோ அதன்படி கொடுங்கள். நோட்டு ஒழுங்காக இருந்தால் அறிக்கை ஒரு மாலை வேலை. இல்லாவிட்டால் அது தூக்கத்தைக் கெடுக்கும்.

செய்யக் கூடாதவற்றில் சில, நல்ல மனதோடு செய்யப்படுபவை என்பதால் தனியாகச் சொல்கிறேன். அப்பா பணத்தில் தங்கை கல்யாணத்துக்கு நகை வாங்குவது. "அவர் நல்லா இருந்திருந்தா செஞ்சிருப்பாரே" என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் நீதிமன்றத்தைக் கேட்காமல் செய்யக் கூடாது. வருடா வருடம் குலதெய்வத்துக்கு அவர் கொடுத்துவந்த நன்கொடைக்கும் அதே விதி. அவர் பணத்தைக் கடனாக எடுத்து உங்கள் வியாபாரத்தில் போடுவது, வட்டியோடு திருப்பினாலும் தவறு. நாமினியை மாற்றுவது, அவர் சார்பில் உயில் எழுதுவது இரண்டும் உங்கள் அதிகாரத்தில் இல்லவே இல்லை. வீடு, நிலம் விற்பனைக்கு ஒவ்வொரு முறையும் தனி அனுமதி வேண்டும். வருமான வரியும் நிற்காது. அவருடைய பான் எண்ணிலேயே, அவர் சார்பில் நீங்கள் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும், அதற்கு வரித் தளத்தில் பிரதிநிதியாகப் பதிவு செய்துகொள்ளலாம். மத்திய அரசு ஓய்வூதியக்காரர் என்றால் நவம்பர் மாத உயிர்ச்சான்று இருக்கிறது. எண்பது வயது ஆனவர்களுக்கு அக்டோபர் முதலே கொடுக்கலாம். படுக்கையில் இருப்பவரை ஸ்ட்ரெச்சரில் தூக்கி வர வேண்டாம், அலுவலர் வீட்டுக்கு வந்து பார்த்துச் சான்று கொடுக்கும் ஏற்பாட்டை முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள்.

இவ்வளவும் பணத்தைத் தவறாகச் செலவழிப்பதைப் பற்றி. எனக்கு இதைவிடக் கவலை தருவது, செலவழிக்காமல் விடுவது. கண்காணிப்பு என்றாலே கை சுருங்கிவிடுகிறது. எதற்கு வம்பு என்று காப்பாளர் இழுத்துப் பிடிக்கிறார். சில வீடுகளில் அதற்குப் பின்னால் சொல்லப்படாத இன்னொரு காரணமும் இருக்கும்: இன்று மிச்சமாவது நாளை பாகத்துக்கு வரும். பெரியவருக்கு முதுகில் படுக்கைப் புண். காற்று மெத்தை வாங்கினால் குறையும் என்று நர்ஸ் சொல்லிக்கொண்டே இருக்கிறார். "எத்தனை நாளைக்கு இருக்கப் போறார், அதுக்கு எதுக்கு மெத்தை" என்று ஒரு குரல் வீட்டுக்குள்ளிருந்து வரும். அவர் கணக்கிலோ பல லட்சம். அந்த மெத்தையை வாங்காதது காப்பாளர் கடமையில் தவறியதுதான். இரவு நேரத்துக்கு இரண்டாவது ஆள் வைத்தால் அம்மாவுக்கு நான்கு மணி நேரம் தூக்கம் கிடைக்கும் என்றால் வையுங்கள். அவருக்குப் பிடித்த பழைய பாட்டுக் கேட்க ஒரு ஸ்பீக்கர் வாங்குங்கள், நினைவில்லாதவருக்கு எதற்கு என்று யாராவது கேட்டால் கேட்கட்டும். நாற்பது வருடம் வேலைக்குப் போய் அவர் சேர்த்த பணம். அதை அவர் உடம்பு நோகாமல் கிடக்கச் செலவழிக்கத்தான் நீதிமன்றம் உங்களை நியமித்திருக்கிறது.

கூடப் பிறந்தவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. சட்டம் கேட்காவிட்டாலும் நோட்டின் ஒவ்வொரு மாதப் பக்கத்தையும் போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டுவிடுங்கள். துபாயில் இருக்கும் தம்பி அதைப் படிக்கவே மாட்டான். ஆனால் எப்போது வேண்டுமானாலும் படிக்கலாம் என்று அவனுக்குத் தெரிந்திருப்பதே போதும். பெரிய செலவு ஏதாவது வந்தால் செய்வதற்கு முன்னால் கேளுங்கள், எழுத்தில் பதில் வாங்குங்கள். கூடவே இருந்து பார்த்துக்கொள்ளும் மகளுக்கோ மருமகளுக்கோ அப்பா பணத்திலிருந்து ஒரு தொகை கொடுப்பது நியாயம் என்று குடும்பத்துக்குத் தோன்றினால், வெட்கப்படாமல் அதையும் நீதிமன்றத்தில் கேட்கலாம். வேலையை விட்டுவிட்டு வந்து பார்த்துக்கொள்கிறவர்களின் இழப்பு பெரும்பாலும் எந்த நோட்டிலும் ஏறுவதில்லை.

இந்தப் பொறுப்பு முடிவது இரண்டு விதமாக. அவருக்கு நினைவு திரும்பினால், மருத்துவச் சான்றோடு நீதிமன்றத்துக்குத் தெரிவித்து, கணக்கை அவர் கையிலேயே ஒப்படைக்க வேண்டும். அவர் முதலில் கேட்கப் போவது தன் பணத்தைப் பற்றியாகக்கூட இருக்கலாம், நோட்டைக் கொடுங்கள். அவர் காலமாகிவிட்டால், உங்கள் அதிகாரம் அந்த நாளோடு முடிகிறது. ஈமச் செலவுக்கு என்று மறுநாள் போய்க் காப்பாளராகப் பணம் எடுக்கக் கூடாது. காரியத்துக்கு வேண்டியதைப் பிள்ளைகள் தங்கள் கையிலிருந்து போட்டு, பிறகு வாரிசுகளாகப் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். வங்கிக்கு மரணச் செய்தியைத் தெரிவித்து, கடைசிக் கணக்கை நீதிமன்றத்தில் கொடுங்கள். அதன் பிறகு நாமினி, உயில், வாரிசுச் சான்றிதழ் என்று வேறொரு வரிசையில் போய் நிற்க வேண்டும். அந்த வரிசையில் நீங்கள் மற்றப் பிள்ளைகளைப் போல ஒரு பிள்ளை, ஒரு பங்கு.